உட்கார்ந்தே இருந்த கோல்கீப்பர்

வருங்கால மாமனார் ஒருவரின் மனசு என்ன விலை என்று கேட்டால், பட்டன் அக்கா யோசிக்காமல் சொல்வாள்: பதினொன்றரை லட்சம். அவள் இருபதில் ஆரம்பித்தாள், அவர் எட்டில் ஆரம்பித்தார். மூன்று சாயங்காலம் மல்லுக்கட்டிப் பதினொன்றரைக்குப் படிந்தது. பணம் விளையாட்டுப் பணம்தான். ஆனால் பேரம் அசல் பேரம்.

சரக்கு, ஒரு கோல்கீப்பர். ரத்தமும் சதையுமாக யாரும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஆள். அவனை விற்றதில்தான் அவள் தம்பியின் கல்யாணம் ஏறக்குறையப் படிந்ததும், பிறகு ஏறக்குறைய முறிந்ததும்.

அக்காவின் கடை பட்டன், ஜிப், கொக்கி மொத்த விற்பனை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் சரக்கின் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். வாங்க வருகிறவர் உட்காருவதற்குள் அவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக வந்திருக்கிறார் என்பதை அவர் செருப்பைக் கழற்றுகிற வேகத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளின் கூடப் பிறந்தவனுக்கு வீட்டிலும் வெளியிலும் 'சரிங்க' என்று பேர். யார் எதைச் சொன்னாலும் அவன் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். ஆட்டோக்காரர் நூறு கேட்டால் "சரிங்க" என்று நூற்றிருபது கொடுத்துவிட்டு இறங்குவான். முடிவெட்டுகிறவர் "இன்னும் கொஞ்சம் குறைக்கவா?" என்று கேட்டதற்குச் சரிங்க சொல்லிவிட்டு ஒரு மாதம் தொப்பியோடு திரிந்தவன். கூரியர் ஆபீசில் வேலை. அங்கே யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அன்றைக்கு இவனுக்கு டியூட்டி.

இந்தச் சரிங்கவுக்கு ஒரு கண்ணாடிக்கடைக்காரரின் மகள் மேல் ஆசை வந்தது. பார்வையில் ஒரு குறையும் இல்லாமல் நாலு தடவை கண் பரிசோதனைக்குப் போனான். ஐந்தாவது தடவை அந்தப் பெண்ணே கேட்டுவிட்டாள்: "உங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. வேற எங்க கோளாறு?"

சொன்னான். அவளுக்கும் சம்மதம். அப்பாவிடம் பேசச் சொன்னாள். அப்பா மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் ஒரு கண்ணாடியுமாக அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபுட்பால் தெரியுமா தம்பி?" என்றார்.

"தெரியும் சார்."

"ஆடுற ஃபுட்பால் இல்ல. ஆட்டி வைக்கிற ஃபுட்பால்."

அது கம்ப்யூட்டரில் நடத்துகிற விளையாட்டு. ஆளுக்கு ஒரு அணி. உதைக்க வேண்டாம், ஓட வேண்டாம்; யார் எங்கே நிற்க வேண்டும், யார் முன்னால் ஏற வேண்டும், யார் பின்னால் காவல் காக்க வேண்டும், பந்து பறிபோனால் துரத்துவதா பதுங்குவதா என்று சொல்லிக் கொடுத்தால் போதும். வாரத்துக்கு ஓர் ஆட்டம், கம்ப்யூட்டரே ஆடிக் காட்டும். கண்ணாடிக்கடைக்காரரின் சொந்தபந்தமும் தெருக் கடைக்காரர்களுமாக எட்டு அணிகள். ஒன்று காலியாக இருந்தது.

"அதை எடுத்து நடத்துங்க. சீசன் முடியட்டும். பொண்ணு விஷயத்துக்கு அப்ப பதில் சொல்றேன்."

"சரிங்க சார்," என்றான், வேறென்ன சொல்வான்.

பாதி சீசனில் அவன் அணி அடியிலிருந்து முதலிடத்தில் இருந்தது. காரணம் எளிது. எந்த அணிக்காரர் எந்த ஆட்டக்காரனைக் கேட்டாலும் இவன் கொடுத்துவிடுவான். எந்த உதவாக்கரையைத் தலையில் கட்டினாலும் வாங்கிக்கொள்வான். அந்த நேரம் பார்த்து, மேல் வரிசைக் கோட்டு பட்டனை எடுக்க அக்கா அவனை ஏணியில் ஏறச் சொன்னாள். ஏறினான். "இன்னும் கொஞ்சம் எட்டுடா" என்று கீழேயிருந்து ஊக்கம் கொடுத்தாள். எட்டினான். பட்டனும் வந்தது, அவனும் வந்தான். வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு.

இடது கையால் மவுஸைப் பிடித்து, ஓர் ஆளை மாற்றப் போய், அணித்தலைவனின் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டான். தம்பியின் முகம் தொங்கியதைப் பார்த்த அக்காவுக்கு அந்த ஏணி நெஞ்சில் உறுத்தியது.

"தள்ளு. நான் அழுத்துறேன், நீ சொல்லு."

"உனக்கு ஃபுட்பால் தெரியாதேக்கா."

"சரக்கு தெரியும்ல? இவங்கள்ல யாரு ஓடுற சரக்கு, யாரு தேங்குன சரக்கு, அதை மட்டும் சொல்லு."

ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் கடைப் பெயர் வைத்தாள். ஓரமாக மேலும் கீழும் ஓடக்கூடிய ஒல்லிப் பையன் ஜிப். பின்வரிசையில் அகலமாக நின்று எதிரியைத் தடுப்பவன் கோட்டு பட்டன். பக்கத்திலேயே நின்று எதிராளியை மாட்டி இழுக்கிறவன் கொக்கி. கோல் அடிக்கிற வேலைக்கு இருந்த நெட்டைக்கு மட்டும் கடையில் பொருத்தமான பொருள் கிடைக்கவில்லை, ஒட்டகம் என்றாள்.

"ஏன்டா, இந்த ஜிப்பை நட்ட நடுவுல வச்சுத் தச்சிருக்க?"

"அவரு, அந்த மருந்துக்கடைக்காரரு, நடுவுல போட்டா நல்லா ஆடுவான்னு சொன்னாருக்கா."

"அவன் எதிர் டீம்காரன்தானே?"

"ஆமா."

"எதிர்க்கடைக்காரன்கிட்ட கேட்டா ஷோகேஸ் அடுக்குவ?"

ஜிப்பை வலது ஓரத்துக்கு மாற்றினாள். முன்னால் ஏறி ஏறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கோட்டு பட்டனை, "நீ அசையாதே" என்று பின்னால் நிறுத்தினாள். ஒட்டகத்துக்குத் தரையில் பந்து கொடுப்பதை நிறுத்தி, தலைக்கு அனுப்பச் சொன்னாள். "அவன் உயரத்துக்குக் குனிஞ்சு எடுக்கவே பாதி நாள் ஆகும்." அணி ஜெயிக்க ஆரம்பித்தது. தம்பி ஒவ்வொன்றுக்கும் 'சரி' சொன்னான்.

பிறகு ஒருநாள் பெஞ்சில் ஓர் ஆள் கண்ணில் பட்டான்.

"இவன் யாரு? நானும் பாக்குறேன், வாராவாரம் உக்காந்தே இருக்கான்."

"ரெண்டாவது கோல்கீப்பர்க்கா. முதல் ஆளுக்கு ஏதாவது ஆனா எறங்குவான்."

"முதல் ஆளே சும்மா நிக்கிறவன். சும்மா நிக்கிறவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எறங்கறதுக்காக, சும்மா உக்காந்திருக்கிற ஒருத்தனுக்குச் சம்பளம் குடுக்கிறியா? இதை என் கடையில செஞ்சேன்னா அடுத்த மாசம் ஷட்டரைத்தான் விக்கணும்."

"அது வந்துக்கா..."

"விக்கிறேன்."

"சரி," என்றான்.

விற்பனைக்குப் போட்ட அன்றைக்கே ஒரே ஒருவர் கேட்டார்: கண்ணாடிக்கடைக்காரர். விளையாட்டுக்குள்ளேயே எழுதிப் பேசிக்கொள்ள ஓர் இடம் உண்டு. அங்கே வந்து எட்டு லட்சம் என்றார்.

தம்பியின் கணக்கில் உட்கார்ந்து அக்கா தட்டினாள்: "எட்டுக்கு அவன் கையுறை வேணும்னா தர்றேன் சார். ஆள் வேணும்னா இருபது."

"தம்பி, ஒரு ஆட்டம்கூட ஆடாதவனுக்கு இருபதா?"

"ஆடாதவன்தான் சார் தேயாதவன். பிரிக்காத பெட்டி."

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: "ஒன்பது. இதுக்கு மேல கட்டுப்படியாகாது."

"நீங்க கட்டுப்படியாகாதுன்னு சொல்றப்பவே இன்னும் மூணு கையில இருக்குன்னு தெரியுது சார்."

இரண்டாம் நாள் அவர் கோபித்துக்கொண்டு போனார், போகவிட்டாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வந்ததைக் கவனிக்காதவள் போல இருந்தாள். பதினொன்றரையில் இருவரும் ஒரே நேரத்தில் 'சரி, முடிச்சுக்கலாம்' என்று தட்டினார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கண்ணாடிக்கடைக்காரர் மகளிடம் சொன்னாராம்: "பையன் ஆளைப் பாத்தா அப்பாவி மாதிரி இருக்கான். பேரத்துல புலி. கண்ணாடி விக்கிற என் கண்ணுலயே விரலை விட்டு ஆட்டிட்டான்."

மகள் போன் செய்து இதைச் சொன்னதும் தம்பிக்குச் சாதம் இறங்கவில்லை. புலி யார் என்பது அவனுக்குத் தெரியும்.

"விடுடா," என்றாள் அக்கா. "அவருக்குப் புலி பிடிச்சிருக்கு, நமக்கு அவர் பொண்ணு பிடிச்சிருக்கு. கல்யாணம் முடிஞ்சதும் புலியை வாபஸ் வாங்கிக்கலாம்."

சீசனின் கடைசி ஆட்டம் கண்ணாடிக்கடைக்காரரோடு என்று அமைந்தது. அவர் ஜெயித்தால் கோப்பை அவருக்கு. அவர் மனைவியின் தம்பி, மருந்துக்கடை மச்சான், தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டு இரண்டு புள்ளி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்தால் மூன்று புள்ளி. சமனில் முடிந்தால் ஒன்றுதான். மூன்று வருஷமாக மச்சானே கோப்பையைத் தூக்கிப் போய், குடும்ப விசேஷம் ஒவ்வொன்றிலும் அதைப் பற்றிப் பேசிப் பேசி இவருக்குச் சாப்பாட்டு ருசியே போயிருந்தது.

"அப்ப தோத்துரு," என்றாள் அக்கா. "கோப்பை அவருக்கு, பொண்ணு உனக்கு."

"தோத்தா மதிப்பாராக்கா?"

"கேவலமா இல்லடா. ஒரு கோல்ல, மரியாதையா. தள்ளுபடி குடுக்கணும், ஆனா பில்லுல முழு விலை தெரியணும்."

"சரி," என்றான். இந்தத் தடவை அந்தச் சொல் கொஞ்சம் கனத்து வந்தது.

கடைசி ஆட்டத்தை நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடலாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு வாங்க என்று கண்ணாடிக்கடைக்காரர் சொல்லியனுப்பினார். பதிலையும் அங்கேயே சொல்லிவிடுவாராம்.

ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு நின்றது. எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஆரம்பித்துப் பொடி எழுத்தில் முடியும் கண் பரிசோதனை அட்டை. நடுவில் ஃபிரேம் மாட்டும் ஸ்டாண்ட். அதற்கு அந்தப் பக்கம் பில் போடுகிற கம்ப்யூட்டரில் அவர். இந்தப் பக்கம் மகளின் லேப்டாப்பில் அக்காவும் தம்பியும். ஸ்டாண்டில் தொங்கிய நூறு ஜோடிக் கண்ணாடிகளும் அக்காவையே பார்ப்பது போலிருந்தது.

"கை இப்படி இருக்கே, அதான் அக்கா மவுஸ் பிடிக்க வந்திருக்காங்க சார்," என்றான் தம்பி.

"பிடிக்கட்டும், பிடிக்கட்டும். மூளை உங்களோடதுதானே."

தம்பி மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டான். மகள் நாலு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அக்காவால் எடைபோட முடியவில்லை. அவளால் எடைபோட முடியாதது அன்றைக்கு அதுதான் முதல்.

ஆட்டம் தொடங்கியது. பேசி வைத்தபடி ஜிப் மறுபடி நட்ட நடுவில் நின்றான். பந்து பறிபோனால் துரத்தாதீர்கள் என்று எல்லாருக்கும் கட்டளை. ஜிப் நடுவில் நாலு பேருக்கிடையே சிக்கி, பல் உடைந்த ஜிப் போல நின்றான். இருபதாவது நிமிஷத்துக்குள் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கோல் போட்டார். அக்கா மேஜைக்கடியில் தம்பியின் காலை மெதுவாகத் தட்டினாள். கணக்கு சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு கார்னர் கிடைத்தது. அக்கா அதை வேண்டுமென்றே கோட்டு பட்டனுக்கு அனுப்பினாள். வாழ்நாளில் கோல் அடிக்காதவன். பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று.

"சே!" என்றாள் அக்கா.

"கோல் போட்டதுக்கா சே?" என்று ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இல்லைங்க, அது... சந்தோஷத்துல."

நாற்காலி நகர்கிற சத்தம். நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றிக்கொண்டு, ஃபிரேம்களுக்கு இடையே கண்ணாடிக்கடைக்காரரின் முகம் தெரிந்தது.

"தம்பி, ஒரு மாசமா அந்த ஒல்லிப் பையன் ஓரத்துலதானே ஓடிட்டிருந்தான்? இன்னிக்கு ஏன் நடுவுல?"

தம்பி மாவுக்கட்டின் ஓரத்தைச் சொறிந்தான்.

"எனக்குத் தள்ளுபடி குடுக்கிறீங்களா? வேணாம் தம்பி. தள்ளுபடியில வந்த மாப்பிள்ளையை எந்தப் பவர்ல பாத்தாலும் மங்கலாத்தான் தெரிவான். இதே மாதிரி ஆடுறதா இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போங்க. என் பதிலையும் எடுத்துட்டுப் போங்க."

இடைவேளை. அக்கா வாய்க்குள் முணுமுணுத்தாள்: "மனுஷன் பில்லைத் திருப்பிப் பாத்துட்டாருடா."

"ஜிப்பை ஓரத்துக்குப் போடுக்கா."

"போட்டா ஜெயிச்சுருவியே. கோப்பை போச்சுன்னா அவரு மூஞ்சி..."

"போடுக்கா."

அவன் அவளிடம் இதுவரை கேட்டிருக்கிறான், கெஞ்சியிருக்கிறான். சொன்னதில்லை. அக்கா ஜிப்பை ஓரத்துக்குப் போட்டாள்.

போட்ட கையோடு ஜிப் வலது ஓரத்தில் கிழித்துக்கொண்டு போனான். இரண்டு பேரைத் தாண்டி உயரமாக ஒரு பந்து. ஒட்டகம் குனியவே வேண்டியிருக்கவில்லை, நெற்றியை நீட்டினான். இரண்டுக்கு ஒன்று. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் நுழைந்த வாடிக்கையாளர்கள் போல முட்டிக்கொண்டன. ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. ஆனால் திட்டு இல்லை. "ம்... இது ஆட்டம்," என்றார்.

எழுபதாவது நிமிஷத்தில் விதி விளையாடியது. கண்ணாடிக்கடைக்காரரின் ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு ஓடிவர, இவர்களுடைய கோல்கீப்பர் பாய்ந்து போய்ப் பந்தை விட்டுவிட்டு ஆளைத் தூக்கி அடித்தான். சிவப்பு அட்டை. வெளியே போ. பெனால்டி.

மாற்று கோல்கீப்பரைத் தேர்ந்தெடுக்கவும் என்று திரை கேட்டது. கீழே பட்டியல் காலி.

தம்பி ஆட்டத்தை நிறுத்தி வைக்கச் சொன்னான். "அக்கா, உக்காந்திருந்தவன் எங்க?"

அக்காவின் கண் மெதுவாக ஸ்டாண்டைத் தாண்டிப் போனது. "அவர்கிட்டதான் இருக்கான்."

"நான் அன்னிக்கே சொல்ல வந்தேன்ல..."

"சொல்ல வந்த, சொன்னியா? பதினொன்றரை லட்சம்டா! ஒரு ஆட்டம் ஆடாதவனுக்கு வேற எந்த மகராசன் குடுப்பான்? நல்ல விலை வந்துச்சு, வித்தேன்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் காதில் மட்டுமல்ல.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றார். இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். "யாரு வித்தது?"

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள்.

"பிரிக்காத பெட்டின்னு எழுதினது யாரு?"

"நான்தாங்க," என்றாள் அக்கா. இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு கையை உதறினால் களவுதான் சிந்தும். "ஆள் மாத்துனது, இடம் மாத்துனது, வித்தது, பேசினது எல்லாம் நான்தான். என்னாலதான் அவன் கை உடைஞ்சுது, அதான் உக்காந்தேன். உக்காந்தப்புறம் வாய் சும்மா இருக்கலைங்க."

"அப்ப இவரு என்னதான் பண்ணினாரு?"

"சரின்னு சொன்னேன் சார்," என்றான் தம்பி.

கண்ணாடிக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற? புலி புலின்னு நான் பாட்டுக்குப் பேசிட்டிருந்தேனே!"

"எனக்கு அன்னிக்கே தெரியும்பா," என்றாள் மகள். "இவரு எங்கிட்ட அனுப்புற மெசேஜ் எல்லாம் ரெண்டெழுத்து. 'சரி.' இவரு மூணு நாள் பேரம் பேசினாருன்னு நீங்க சொன்னப்பவே அக்காதான்னு புரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"நீங்க மூணு நாளா அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

அவர் உட்கார்ந்தார். முகத்தில் என்ன ஓடுகிறது என்று அக்கா படிக்கப் பார்த்தாள். ஏமாந்த கோபம் தெரிந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ பொடி எழுத்தில் இருந்தது.

"சரி, ஆட்டத்தை முடிப்போம்," என்றார். "இனிமே மவுஸ் மட்டும் உங்களோடது அம்மா. வாய் இவரோடது. இவருக்கு வாய் இருக்கான்னு இன்னிக்குப் பாத்துடறேன்."

தம்பி திரையைப் பார்த்தான். பத்துப் பேர். கோலில் நிற்க ஆளில்லை. எதிரே பெனால்டி.

"ஒட்டகத்தைக் கோல்ல நிறுத்துக்கா."

"பைத்தியமாடா? நமக்கு இருக்கிற ஒரே ஓடுற சரக்கு! அதை எடுத்துக் கதவுக்கு முட்டுக் குடுக்கிறியா?"

"கை நீளம்க்கா. மத்த எல்லாரும் குள்ளம். நிறுத்து."

நிறுத்தினாள். பெனால்டியை ஒட்டகம் தடுக்கவில்லை. பந்து ஒரு பக்கம் போக அவன் மறுபக்கம் சாவகாசமாகப் படுத்தான். இரண்டுக்கு இரண்டு.

"ஜிப்பைக் கீழ இறக்கு. பின்வரிசையில அஞ்சாவது ஆளா. முன்னாடி ஏறவே கூடாது. கொக்கி அவங்க பத்தாம் நம்பர் கூடவே ஒட்டிக்கிட்டுத் திரியட்டும். கோட்டு பட்டன் நடுவுல. பந்து வந்தா தூர உதைச்சுடணும், அழகெல்லாம் வேணாம்."

அவன் பேசப் பேச அக்கா அழுத்தினாள். கடையில் வேலையாட்களை விரட்டுகிறவளின் விரல் இன்றைக்கு வேலையாளாக ஓடியது. கண்ணாடிக்கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை: பின்வரிசையில் இருந்த இருவரையும் முன்னால் ஏற்றினார், வேகத்தைக் கூட்டினார், எல்லாரையும் எதிர்ப்பக்கம் குவித்தார். கோட்டு பட்டன் மார்பால் தடுத்தான், தலையால் தடுத்தான், ஒரு தடவை உட்கார்ந்தபடியே தடுத்தான்.

மூன்று நிமிஷம் மிச்சம். ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். இதுவரை கேட்காத குழைவு.

"தம்பி."

"சார்."

"பத்துப் பேரை வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் தாக்குப் பிடிச்சதே பெரிசு. யாரும் உங்களைக் குறை சொல்லப்போறதில்ல. அந்த நெட்டையனைக் கொஞ்சம் முன்னாடி விட்டீங்கன்னா ஆட்டம் சுவாரஸ்யமா இருக்கும்."

அக்காவுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். விலை படிகிற இடத்துக்கு வந்த பேரக்குரல்.

"கோல் காலியாயிடுமே சார்."

"ஒரே ஒரு நிமிஷம்தான். உங்களுக்கு அதுல நஷ்டம் என்ன? சமன் ஆனாலும் உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கப்போறதில்ல. எனக்கோ மூணு வருஷம்... அந்த மருந்துக்கடைக்காரன் இன்னிக்கு ராத்திரி போன் பண்ணுவான் தம்பி. நீங்களும் நாளைக்கு இந்த வீட்டுல சாப்பிட வரப்போறவர். மனசு குளுந்தா பதிலும் குளுந்து வரும், இல்லையா?"

தள்ளுபடி வேண்டாம் என்று இடைவேளையில் முழங்கிய அதே வாய். அக்கா சட்டென்று தம்பியின் பக்கம் திரும்பி, உதட்டை அசைக்காமல், "குடுத்துருடா," என்றாள். "இதைவிட நல்ல விலை வராது. குடுத்துரு."

தம்பி இரண்டு பக்கமும் பார்த்தான். மகள் கண் பரிசோதனை அட்டைக்கு அருகில் நின்று தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்திருந்தாள். அவன் வாய் வழக்கமான சொல்லுக்கு வசதியாகத் திறந்ததை அக்கா பார்த்தாள்.

"முடியாதுங்க சார்," என்றான்.

அறையில் அந்தச் சொல் புதுச் சரக்கு போல வந்து விழுந்தது. சொன்னவனே அதைத் திரும்ப ஒருமுறை காதில் வாங்கிப் பார்த்தான். பிடித்திருந்தது போலிருக்கிறது. அக்காவிடமும் சொன்னான்: "முடியாதுக்கா. அவன் அங்கேயே நிக்கட்டும்."

கடைசி நிமிஷத்தில் கண்ணாடிக்கடைக்காரரின் பத்தாம் நம்பர் கொக்கியிடமிருந்து நழுவினான். வலது மூலையைப் பார்த்துச் சீறி ஓர் அடி. ஒட்டகம் எந்தப் பக்கம் பாய்வது என்று முடிவெடுக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றான். பந்து கோட்டு பட்டனின் தோளில் பட்டுத் திரும்பி, நேரே வந்து ஒட்டகத்தின் முகத்தில் மோதி, மேலே எழும்பி, கம்பத்துக்கு மேல் போய் மறைந்தது. விசில்.

இரண்டுக்கு இரண்டு.

கண்ணாடிக்கடைக்காரரின் போன் ஒருமுறை ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். "மச்சான்," என்றார் பொதுவாக. "வரிசையா சிரிக்கிற மூஞ்சியா அனுப்பியிருக்கான். ஒண்ணும் எழுதலை. எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லை."

சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடித் துணி கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெட்டி நிறைய இருந்தும் சட்டையால் துடைத்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்:

"ஏம்மா, அந்த உக்காந்திருந்தவனை நான் ஒரு ஆட்டத்துலயாவது இறக்கினேனா, பாத்தீங்களா?"

"இல்லைங்களே."

"எனக்கு ரெண்டு கோல்கீப்பர் ஏற்கனவே இருக்காங்க. இவன் மூணாவது."

"பின்னே எதுக்குங்க மூணு நாள்..."

"இங்க வர்றவங்க எல்லாம் போன்ல விலையைப் பாத்துட்டு வர்றாங்க. போட்டிருக்கிற விலையைக் குடுத்துட்டுப் போறாங்க. இல்லேன்னா பேசாமப் போறாங்க. கோவிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வர்ற ஒரு மனுஷன் இல்ல. நான் எட்டுன்னதும் நீங்க கையுறை வேணும்னா தர்றேன்னீங்க பாருங்க..." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்கு ராத்திரி தூக்கத்துலகூட சிரிச்சேனாம்."

"ஒன்பதுக்கே குடுத்திருப்பேங்க," என்றாள் அக்கா.

"நான் பதினாலு வரைக்கும் வந்திருப்பேன்மா."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். இரண்டரை லட்சம் கைநழுவிப் போயிருக்கிறது. விளையாட்டுப் பணம் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள், மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா," என்றாள் மகள். டம்ளரைக் கீழே வைத்தாள். "கதையெல்லாம் அப்புறம். பதில் என்ன?"

"புலின்னு நினைச்சுத்தான் சரின்னு இருந்தேன். புலி அவரில்லையே."

"பேரம் பேச இந்த வீட்டுல நீங்க ஒருத்தர் போதும்பா. இன்னொரு ஆளும் வந்தா, ஒரு கிலோ வெங்காயம் வாங்க அரை நாள் ஆகும்."

கண்ணாடிக்கடைக்காரர் நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று இரண்டு கண்ணாடியையும் பழைய இடத்தில் மாட்டினார். தம்பியை முதல் நாள் பார்த்தது போலவே மேலும் கீழும் பார்த்தார். மாவுக்கட்டு வரைக்கும் வந்து நின்றார்.

"நான் கேட்டும் குடுக்கலை. உங்க அக்கா சொல்லியும் குடுக்கலை," என்றார். "என் கோப்பையைக் கெடுத்துட்டீங்க. அதை நான் மறக்கப்போறதில்ல. ஒவ்வொரு விசேஷத்துலயும் சொல்லிக் காட்டுவேன். மச்சான் ஒரு பக்கம் சொல்லுவான், நான் மறுபக்கம் சொல்லுவேன். உங்களுக்குச் சாப்பாடே இறங்காது. சம்மதமா?"

தம்பி திகைத்தான். கேள்விக்குள் இருந்த பதில் அவனுக்குப் பிடிபட ஒரு கணம் ஆனது.

"சரிங்க... மாமா."

"ம். ஒரு கோல் பாக்கி, மாப்பிள்ளை. ஞாபகம் வச்சுக்குங்க."

வெளியே வரும்போது மகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஷட்டர் தலையில இடிக்கும் அண்ணி, குனிஞ்சு வாங்க." அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். தம்பி நின்று அவரைப் பார்த்தான். அக்கா ஆவலோடு காத்திருந்தாள்.

"சரிங்க," என்று ஏறினான்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருத் திரும்புவதற்குள் வழக்கம்போல் மனசுக்குள் அன்றைய கணக்கை முடித்தாள். வரவு: வீட்டுக்கு ஒரு மருமகள், கோவித்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வரத் தெரிந்த ஒரு சம்பந்தி, தம்பி வாயிலிருந்து ஒரு 'முடியாது', அதிலேயே அவளுக்கென்று இன்னொன்று. செலவு: மணிக்கட்டு ஒன்று, சம்பந்தியின் கோப்பை ஒன்று, கேட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய இரண்டரை லட்சம். கோல்கீப்பர்: கைமாறியும் இடம் மாறவில்லை, அங்கேயும் உட்கார்ந்தே இருக்கிறான். அடித்தது இரண்டு, வாங்கியது இரண்டு. பாக்கி: ஒரு கோல், கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது மாமனார், தவணைக்குக் கெடு இல்லை.